ஊர் வந்தா சொல்லு

"கூட வந்த பொண்ணுக்கு ஒரு ஸ்டூலப் போடுப்பா, பாவம், எவ்ளோ நேரம் நிக்கும்" என்று கல்லாவில் இருந்த பெரியவர் யாருக்கோ சொன்னது மங்கையின் காதில் விழுந்தது. அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குக் கேட்கட்டும் என்று சொன்னதுமில்லை. நல்ல மனதோடு சொன்னதுதான், அதுதான் கஷ்டம். கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் ஒரு முறை முறைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்திருக்கலாம். சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று தலைகளுக்கு மேலாகக் கைமாறி வந்து அவள் முழங்காலருகே இறங்கியது, அவளும் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சின் முதல் இரண்டு சொல் உள்ளே போய்த் தைத்தது. கூட வந்த. யார் கூட யார் வந்தது? திருமுல்லைவாயலில் ரயில் ஏறியது அவள். பெரம்பூரில் அண்ணன் ஏறிக்கொண்டான், அதுவும் அம்மா போன் போட்டுச் சொன்னதால். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தனியாவா, அங்க எல்லாம் ஆம்பளைங்களா இருப்பாங்க, ஏமாத்திடுவாங்க, அரசுவக் கூட்டிட்டுப் போ. அம்மாவுக்கு இரண்டு பயமும் ஒரே பயம். வாங்கப்போவது மங்கையின் கம்ப்யூட்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து மற்றவர்களின் ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து சேர்த்த பணம், போன தீபாவளி போனஸும் அதில் சேர்த்தி. எந்தப் பாகத்துக்கு எந்தப் பாகம் பொருந்தும், எதில் மிச்சம் பிடித்தால் எதில் கூட்டிப் போடலாம் என்று அவள் மதியச் சாப்பாட்டு நேரங்களையெல்லாம் அதிலேயே கழித்திருந்தாள், தயிர் சாதம் ஒரு கையில், போன் ஒரு கையில். இப்போது அவள் கூட வந்த பொண்ணு. ஸ்டூலின் ஒரு கால் குட்டையாக இருந்தது. அசைந்தால் ஆடியது. அசையாமல் உட்கார்ந்தாள்.

மூன்று ஆள் நிற்கிற இடத்தில் பத்துப் பேர் நின்றார்கள். சனிக்கிழமை மதியம். இரண்டாவது மாடி, ஜன்னல் கிடையாது, ஏ.சி. இருக்கிறது என்று போர்டு மட்டும் இருந்தது. அட்டைப்பெட்டி வாசனை, ஈரச் சட்டை வாசனை, கீழே தெருவில் போடுகிற முட்டை போண்டா எண்ணெய் படியேறி வந்து எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பூச்சாகப் பூசியிருந்தது. சற்று முன் அந்தக் கவுண்டரில் நடந்ததை அவள் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள், நாக்கு போய்ப் போய் உடைந்த பல்லைத் தொடுவது போல. அவள் பாகங்களின் பட்டியல் எழுதிய தாளை நீட்டினாள். கவுண்டரில் இருந்த சாதிக் என்பவர் அதை அவள் கையிலிருந்து வாங்கி அண்ணனைப் பார்த்துப் பேசினார். "நல்லாப் போட்ருக்கீங்க சார், பேலன்ஸ்டா இருக்கு." அண்ணன் சிரித்தான், மறுக்கவில்லை. பிறகு சாதிக்கின் பேனாவை வாங்கிக்கொண்டான். பேனா அண்ணன் கைக்குப் போனபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இந்த கிராபிக்ஸ் கார்டுதான் பாதி விலை தின்னுது. எதுக்கு இது? அப்புறம் போட்டுக்கலாம்." அவள், "ண்ணா, அது…" என்றாள். அது என்பதற்கு மேல் ஒரு சொல் இருந்தது, வரிசையாகப் பல சொற்கள் இருந்தன, வீட்டில் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தவை. "நீ சும்மா இரு மங்க, நீ என்ன பெரிய கேமா ஆடப் போற? கல்யாணம் ஆயிப் போறப்ப இதத் தூக்கிட்டா போவ?" சொல்லிவிட்டு சாதிக்கைப் பார்த்துக் கண் சிமிட்டினான். சாதிக்கும் சிரித்தார், வியாபாரச் சிரிப்பு. "அதுக்குப் பதிலா அந்த வளைஞ்ச மானிட்டர் ஒண்ணு போடுங்க பாய். பெருசு. ஞாயித்துக்கிழமை கவின் வந்தா ரைம்ஸ் பாப்பான், மேட்ச் பாக்கலாம், அம்மா சீரியல் பாக்கட்டும். கேபினெட்டும் இந்த இரும்புப் பெட்டி வேணாம், கண்ணாடி வெச்சது, உள்ள லைட்டு எரியறது." கார்டின் பெயர் மேல் ஒரு கோடு. ஒரு கோடு போதவில்லை போல, திரும்பி வந்து இன்னொரு கோடு. இதில் கோபப்பட என்ன இருக்கிறது, அவன் அவனுக்காக எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை, மகனுக்கு, அம்மாவுக்கு, எல்லாருக்கும். எல்லாருக்கும் என்பதில் அவளும் அடக்கம், சோற்றில் உப்பு போல, தனியாக எடுத்துப் பார்க்க முடியாது.

ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒன்று அண்ணனுக்குத் தெரியவில்லை. அவள் எழுதிக் கொடுத்த ப்ராசசர் தானாகப் படம் காட்டத் தெரியாத வகை. அதனாலேயே விலை குறைவு. எப்படியும் கார்டு போடப்போகிறோம், படத்தைக் கார்டு பார்த்துக்கொள்ளும், இதில் மிச்சமாவதைக் கார்டில் கூட்டிக்கொள்ளலாம், திரைக்கு இப்போதைக்கு வீட்டு டி.வி. போதும் என்பது அவள் கணக்கு. கார்டை எடுத்துவிட்டால் பெட்டிக்குள் காற்றாடி சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. அண்ணன் காலத்தில் எந்த மதர்போர்டை வாங்கினாலும் பின்னால் வயரைச் செருகினால் படம் வந்துவிடும். அவன் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டான், இப்போது மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் நிற்கிறவனுக்கு இது எங்கே தெரியும். சாதிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு கொட்டேஷன் எழுதிக்கொண்டிருந்தார், காதில் போன் வேறு. சொல்ல வேண்டியது ஒரே வரி. ண்ணா, கார்டு இல்லாம இதுல படம் வராது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்கு அதே நொடியில் தெரிந்தது. அப்படியா, சரி பாய், படம் வர்ற ப்ராசசரா மாத்திக் குடுங்க. அவ்வளவுதான். கொஞ்சம் விலை வித்தியாசம், வேறு ஒரு சின்னப் பெட்டி, கார்டு ஒரேயடியாகப் போய்விடும். அப்புறம் என்பது வரவே வராது, அந்த வீட்டில் அவளுக்கு அப்புறம் என்று சொன்ன எதுவும் வந்ததில்லை, ஸ்கூட்டி, தனி அலமாரி, திருச்சியில் எம்.எஸ்ஸி. கடைச் சுவரில் ஒட்டியிருந்தது: சீல் உடைத்த ப்ராசசர் திரும்ப எடுக்கப்படாது. ஆகவே சீல் உடைகிற வரை வாய் திறக்கக் கூடாது. உடைந்த பிறகு மாற்ற முடியாது, கார்டு ஒன்றுதான் வழி. இது தந்திரமா, பயமா? பயந்து பேசாமல் இருந்துவிட்டு அதற்குத் தந்திரம் என்று பெயர் வைக்கிறாளா? அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

அசெம்பிள் செய்கிறவன் பெயர் டேவிட். கவுண்டரை ஒட்டி ஒரு மேசை, மேலே ரப்பர் விரிப்பு, அவன் எல்லாருடைய கண்ணெதிரேதான் பூட்டுவான், பூட்டி, கடை மானிட்டரில் படம் காட்டிய பிறகுதான் பில். அண்ணன் மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தான். அவனுடைய பிடரி அவளுக்கு நேராக வந்தது. அந்தப் பிடரியை அவளுக்கு முகத்தைவிட நன்றாகத் தெரியும். நடுவில் முடி சுழித்து வாலாக இறங்கும், வலது காதுக்குக் கீழே அம்மைத் தழும்பு ஒன்று, வியர்த்தால் முதலில் அது பளபளக்கும். எத்தனை வருஷம் அதற்குப் பின்னால் நின்றிருக்கிறாள். ஹாலில் மூலையில் கம்ப்யூட்டர், பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதற்குள் திருப்பி வைத்திருப்பார்கள், சூடாகி நின்றுவிடும் என்று. ஃபேனைப் பிடித்துக்கொள்வது அவள். காற்று கம்ப்யூட்டருக்கு, வெயில் காலம் அவளுக்கு. ஆடுகிறவன் அண்ணன். வாளோடு ஒருவன் ஊர் ஊராகப் போகிற ஆட்டம். ஊரில் சண்டை இருக்கும், ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவே ஒன்றும் இருக்காது, வெறும் பாதை, ஒரே விசையை அழுத்திக்கொண்டே நடக்க வேண்டும். அந்த நடை அண்ணனுக்குப் பொறுக்காது. "மங்க, வந்து நட. ஊர் வந்தா சொல்லு" என்று நாற்காலியை விட்டு எழுந்து தோசை சாப்பிடப் போய்விடுவான். அவள் நடப்பாள். சண்டைகளெல்லாம் அவனுக்கு, நடையெல்லாம் அவளுக்கு. அந்த உலகத்தின் பாதைகள் அவளுக்குத் தெரிந்தது போல வேறு யாருக்கும் தெரியாது. ஒரு மரப்பாலம், அதற்கு அப்பால் விறகு வெட்டுகிற ஒருவன், கடந்து போனால் கையைத் தூக்குவான். மழை வந்தால் வாள்காரனின் தோள் நனைந்து கறுக்கும். ஏன் இதை எல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். பிறகு தூரத்தில் கூரை தெரியும், புகை தெரியும். "ண்ணா, ஊர் வந்துருச்சு." கையை டவுசரில் துடைத்தபடி வருவான், அவள் எழுந்துகொள்வாள், நாற்காலி அவள் சூட்டோடு அவனுக்குப் போகும்.

டேவிட் ப்ராசசர் பெட்டியைக் கையில் எடுத்தான். பெட்டியை அண்ணனுக்குக் காட்டினான், "சீல் பாத்துக்கங்க சார்." அண்ணன் பெரிய மனிதன் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ம், ஓகே, ஓப்பன் பண்ணு." இப்போது சொன்னால்? இப்போது சொல்லலாம். பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பத்து முகம் ஒன்றாகத் திரும்புவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், முகங்களைப் பார்க்காமலேயே தெரியும். போனில் நாலு பேர் ஒரு அணியாக ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது, அதில் அவளுக்கு ஆண் பிள்ளைப் பெயர், மைக் எப்போதும் அணைத்திருக்கும். மூன்று மாதமாக அதே பையன்கள், ஈரோடோ சேலமோ, அவள் எது செய்தாலும் "மச்சான் செம்மடா" என்பார்கள், பேசாத மச்சான் என்று பெயரே வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவன் தெரியாமல் ஒரு சுவரோரம் போகிறான், மறுபக்கம் ஆள் நிற்கிறது, அவளுக்கு மட்டும் தெரிகிறது. யோசிக்காமல் மைக்கைப் போட்டு, "ரைட்ல ஆள், ரைட்ல" என்றாள். அமைதி. அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, ஒரு வாரம் இருக்கும். பிறகு ஒருவன், "டேய், பொண்ணுடா." இன்னொருவன், "அக்கா, சமையல் முடிச்சாச்சா?" மூன்றாவது ஆள் சிரித்துச் சிரித்துச் சுவரோரமே சுடப்பட்டுச் செத்தான், அதற்கும் சிரிப்பு. கெட்டவர்கள் இல்லை. இந்தப் பெரியவர் போலத்தான், பாவம், ஸ்டூல் போடு. அதற்குப் பிறகு அவள் எது செய்தாலும் செம்மடா வரவில்லை, ஒன்று, "சூப்பர் அக்கா" வரும், குழந்தை கை தட்டினால் சொல்வது மாதிரி, இல்லையென்றால் ஒன்றும் வராது. வேறு பெயர் வைத்துக்கொண்டு வேறு பையன்களோடு சேர்ந்தாள். மைக்கைத் தொடவில்லை. டேவிட்டின் கத்தி சீலுக்கு அடியில் நுழைந்தது. மெல்லிய ஒரு சத்தம், காகிதம் கிழிகிற சத்தம்கூட இல்லை. இவ்வளவுதானா என்று இருந்தது.

சரி, உடைந்துவிட்டது. இனி மாற்ற முடியாது. இப்போது சொல்லலாமே? தந்திரம் என்றால் அது முடிந்தது, இனி வாயைத் திறந்து, ண்ணா, கார்டு இல்லாம இது ஓடாது, அந்த மானிட்டர விட்ருவோம் என்று மெதுவாக அவன் காதில் சொன்னால் அவனுக்கும் அவமானம் இல்லை, அவளுக்கும் கார்டு. எழுந்து இரண்டு அடி வைத்தால் அவன் தோள். அவள் எழவில்லை. டேவிட் ப்ராசசரை அதன் குழியில் வைத்துக் கொக்கியை மடக்கினான், சாம்பல் பசையை ஒரு பொட்டு வைத்தான், அம்மா மாவுக் கோலம் தொடங்கும்போது வைக்கிற முதல் புள்ளி அளவுக்கு, மேலே காற்றாடியை உட்கார வைத்து நாலு மூலையிலும் திருகினான். ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தது, எதுவும் அவளுக்காக நிற்கவில்லை. கார்டு கடைசியில்தான் போடுவார்கள். எல்லாம் பூட்டி, கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் வைத்து, வயரெல்லாம் கட்டிய பிறகு, கடைசியாக அந்த நீளப் பிளவில் கார்டைச் செருகுவார்கள், அது கனமானது, முதலிலேயே போட்டால் மற்ற வேலைக்குக் கை போகாது. எத்தனை வீடியோவில் பார்த்திருக்கிறாள். ஆகவே கடைசியில் இவன் கையை நீட்டுவான், கார்டு குடுங்க சார் என்பான். அந்தக் கை நீளும்போது அண்ணன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒப்புக்கொள்ள அசிங்கமாக இருந்தது, ஆனால் அந்த அசிங்கம் சூடாகவும் இருந்தது, பனிக்காலத்தில் போர்வைக்குள் தன் மூச்சையே தான் சுவாசிப்பது மாதிரி. எத்தனை பேர் முன்னால் அவன் பேனாவை வாங்கினான், அத்தனை பேர் முன்னால் அந்தக் கை நீளட்டும்.

"மங்க! இங்க பாரேன், லைட்டு!" கண்ணாடி கேபினெட்டின் காற்றாடிகளை டேவிட் சும்மா ஒரு முறை மின்சாரம் கொடுத்துக் காட்டினான். நீலம், பச்சை, ஊதா என்று ஓடியது. அண்ணனின் பிடரி நீலமானது, தழும்பு பச்சையானது. திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எவ்வளவு நாளாகிறது. போன பொங்கலுக்கு வந்தபோது முழு நாளும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், டார்கெட் முடியலம்மா என்று ஒரு முறை சொன்னான், அண்ணி அவனைப் பார்க்காமல் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தாள். இப்போது டேவிட்டோடு என்னவோ சிரித்துப் பேசுகிறான். "எங்க வீட்ல ஃபேனத் திருப்பி வெச்சுதான்பா ஆடுவோம், நீ அதெல்லாம் பாத்திருக்க மாட்ட." ஆடுவோம். ஓம். அந்த ஓம் எங்கிருந்து வந்தது? ஒரு விநாடி அவள் கண்ணில் நீர் முட்டியது, உடனே எரிச்சலும் வந்தது, இப்படித்தான் ஒவ்வொரு முறையும், வெறுத்து முடிக்கிற நேரத்துக்கு ஒரு சொல்லைப் போட்டுவிடுவான், ஒழுங்காக வெறுக்கக்கூட விட மாட்டான். சொல்லிவிடு. எழுந்து போ. ண்ணா. குரல் தொண்டையில் எங்கே இருக்கிறது என்று தேடினாள். அலுவலகத்தில் டீம் லீடர் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரிந்தும் சாட்டில் எழுதி அனுப்புகிறவள், பஸ்ஸில் சில்லறை பாக்கியைக் கேட்காமல் இறங்குகிறவள், போன் வந்தால் அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்து பிறகு, சொல்லுங்க, என்று மெசேஜ் போடுகிறவள். அவளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேசிய பிறகு வருகிற அந்த அமைதியைத்தான் தாங்கத் தெரியவில்லை. அண்ணன் மறுபடி குனிந்துவிட்டான். பிடரி.

ஒரே ஒரு முறை ஊர் வந்தும் அவள் சொல்லவில்லை. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது. கூரை தெரிந்தது, புகை தெரிந்தது, அண்ணன் உள்ளே மூன்றாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் விரலை எடுக்கவில்லை. ஊர் வாசலைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, மறுபக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் அந்த வாள்காரனை நடத்திக்கொண்டு போனாள், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அண்ணன் ஒரு நாளும் போனதில்லை. காடு இருந்தது. உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்தது, பறவைச் சத்தம் நின்றது. ஓநாய் ஒன்று வந்தது. எந்த விசை வாள் என்று அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து விரலுக்குத் தெரிந்திருந்தது, அவள் அடித்தாள். அது செத்தது. அவள் கொன்ற முதல் ஓநாய். மூத்திரம் வருகிற மாதிரி இருந்தது, அப்படி ஒரு சந்தோஷம். பிறகு நாலு ஓநாய் வந்தது. அண்ணன் வந்து பார்த்தபோது வாள்காரன் செத்துத் திரை சிவப்பாக இருந்தது. அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நாற்காலியிலிருந்து அவளை எழுப்பினான், தோளைத் தொட்டுத்தான் எழுப்பினான், "உன்ன நடக்கத்தான சொன்னேன்" என்றான். கத்தாமல், நிஜமாகவே புரியாதவன் போல. அதற்குப் பிறகு நடப்பதற்கும் கூப்பிடவில்லை. அந்த நீளமான நடையை அவனே நடந்தான், ஒரு கையால் விசையை அழுத்திக்கொண்டு மறு கையால் தோசை சாப்பிட்டான், அவள் ஃபேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் காட்டுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், இவ்வளவுதான் அவளுக்கு வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். அந்த ஆட்டத்தையே இப்போது புதிதாகப் போட்டிருக்கிறார்கள், இலை இலையாகத் தெரிகிறது, மழை பெய்தால் மண் கறுக்கிறது. அது ஓட அந்தக் கார்டு வேண்டும். நீ என்ன பெரிய கேமா ஆடப் போற.

ராம் பட்டைகள் இரண்டும் உட்கார்ந்தன, டிக், டிக். மதர்போர்டு கேபினெட்டுக்குள் போனது. டேவிட் வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டு பாடினான். வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வாலை வெட்டினான், வெட்டிய பிளாஸ்டிக் துண்டு அவள் செருப்பின் மேல் வந்து விழுந்தது. பெட்டியின் நடுவே ஒரு நீளப் பிளவு காலியாக இருந்தது. விளக்குகள் எல்லாம் அதைச் சுற்றி ஓடின. யாரும் அதைப் பார்க்கவில்லை. அவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் வந்துவிட்டது. கூரை தெரிகிறது, புகை தெரிகிறது. அவள் சொல்லவில்லை.

"கார்டு" என்றான் டேவிட், தலை நிமிராமல், கையை மட்டும் நீட்டி.

"எந்தக் கார்டுப்பா?"

"கிராபிக்ஸ் கார்டு சார். பெட்டிங்கள்ல காணோமே."

"அது வேணாம்னுட்டோம். அப்புறம் போட்டுக்கறோம். நீ ஆன் பண்ணு."

"ஆன் பண்ணலாம் சார். ஃபேன் சுத்தும், லைட்டு எரியும், டிஸ்கோ மாதிரி நல்லாருக்கும். படம் வராது." டேவிட் வாயிலிருந்த திருகாணியை எடுத்துவிட்டுச் சிரித்தான். "இந்த ப்ராசசருக்குத் தனியா கார்டு போட்டாதான் சார் படம். யார் எடுத்துக் குடுத்தா இத?"

வரிசையில் நின்ற ஒருவன், "பூஜ ரூம்ல வெச்சுக்கலாம் சார், சீரியல் லைட்டு மிச்சம்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சாதிக் போனைக் காதிலிருந்து எடுத்தார். "வீட்ல பழைய கார்டு இருக்கும்னு நெனச்சேன் சார். நெறைய பேர் அப்பிடித்தான் வருவாங்க. அதான் நீங்க அடிச்சப்ப ஒண்ணும் கேக்கல."

அவள் எதிர்பார்த்த இடம் இதுதான். அண்ணனின் பிடரியில் தழும்பு பளபளத்தது, காதுமடல் சிவந்தது. இதற்காகத்தானே உட்கார்ந்திருந்தாள். உள்ளே எதுவோ துள்ள வேண்டும், துள்ளவில்லை. வாயில் காசைச் சப்பிய மாதிரி ஒரு ருசி மட்டும். ஐயோ பாவம் என்று நினைக்கத் தொடங்கினாள், எழுந்திருக்கக்கூடத் தொடங்கினாள், அவன் பக்கம் போய் நின்றுகொள்ளலாம் என்று. அப்போது அவன் திரும்பினான்.

"லிஸ்ட்டு இவ போட்டது பாய். எனக்கென்ன தெரியும்? நெட்ல பாத்து எதையோ எழுதிட்டு வந்திருக்கா." சிரித்தான். நல்ல சிரிப்பு, சற்று முன் விளக்கைக் காட்டிச் சிரித்த அதே சிரிப்பு. "விடுங்க, தெரியாம போட்டுட்டா பாவம்."

பத்து முகமும் அவளிடம் வந்தன. அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது, அவளுடைய கையெழுத்து, அதன் மேல் அவன் போட்ட இரண்டு கோடு, யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. கல்லாப் பெரியவர் எட்டிப் பார்த்து, "பரவால்லம்மா, போகப் போகத் தெரிஞ்சுக்குவ" என்றார், அதுவும் நல்ல மனதோடு. பிறகு அந்த அமைதி வந்தது, அவளுக்குத் தெரிந்த அமைதி, இத்தனைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாலும் வரும், பேசாவிட்டாலும் வரும். இது ஏன் இத்தனை வருஷம் தெரியாமல் போனது என்று அவளுக்கு இருந்தது.

மங்கை எழுந்தாள். வளைந்த மானிட்டரின் பெட்டி சுவரோரம் பிரிக்காமல் நின்றது, அவள் இரண்டு கையை விரித்த அகலம். அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள், முன்னால் எதுவும் தெரியவில்லை, ஆட்கள் ஒதுங்கினார்கள், யார் காலையோ மிதித்தாள். சாதிக்கின் முன் வைத்தாள். அவர் தலைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்த கார்டுப் பெட்டியைக் காட்டினாள்.

"இதுக்குப் பதிலா அது."

சாதிக் அவளைத் தாண்டி அண்ணனைப் பார்த்தார். "சார்?"

"மானிட்டர் இல்லாம எதுல பாப்ப நீ?" என்றான் அண்ணன். "மங்க. உன்னதான் கேக்கறேன். அம்மாகிட்ட என்ன சொல்றது?"

அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாதிக் இன்னும் ஒரு முறை அண்ணனைப் பார்த்துவிட்டு, ஸ்டூலைத் தேடி, ஸ்டூல் கிடைக்காமல் எக்கி, பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் நகத்தால் சீலைக் கிழித்தாள். உள்ளே இருந்த கறுத்த பையிலிருந்து கார்டை உருவி, இன்னும் நீட்டியபடியே இருந்த டேவிட்டின் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பிளவில் வைத்து இரு கட்டைவிரலாலும் அழுத்தினான். க்ளக் என்றது.

அவள் திரும்பிப் போய் அந்தச் சிவப்பு ஸ்டூலை எடுத்து வந்து, அண்ணனின் முழங்காலுக்குப் பின்னால் போட்டாள்.